மணி அழுத்தி இறங்குதல்

எட்டு வருடமாக இந்த நிறுத்தத்தில்
கதவைத் திறந்து மூடுவதோடு சரி.
இன்று எனக்கு ஓய்வுநாள்.
வேறொருவர் ஓட்டிய வண்டியில்
நானே மணி அழுத்தி இறங்கினேன்.

சாலையைத் தாண்டினால் தேவாலயம்.
பலகையில் நேரங்கள்:
எட்டுக்கு ஆங்கிலம்,
பத்தரைக்கு மாண்டரின்,
மாலை நாலரைக்குத் தமிழ்.

கால் கழுவக் குழாய் தேடினேன். இல்லை.
செருப்பு விடும் இடமும் இல்லை.
ஒரு காலணியைக் கழற்றிவிட்டு
ஒற்றைக் காலில் நான் தடுமாற,
மூன்று பிள்ளைகள் காலணியோடு உள்ளே ஓடினார்கள்.
"அப்படியே வாங்கண்ணே" என்றார்
வாசலில் நின்ற பாத்தேக் சட்டைக்காரர்.
என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.
பிறகு கண்ணைப் பார்த்து,
"இடப்பக்கம் உட்காராதீங்க, ஏர்கான் நேரா அடிக்கும்" என்றார்.

கடைசி வரிசை.
முன்னிருக்கைகளில் டிஷ்யூ பொட்டலங்கள்,
உணவங்காடி மேசைகளில் கிடப்பதுபோல.
இங்கேயும் இடம்பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

எழுந்தார்கள், எழுந்தேன்.
உட்கார்ந்தார்கள், நான் அரை நொடி பிந்தி.
முன்னால் இருந்த பெண்ணின் முதுகையே
முன்செல்லும் வண்டியின் பிரேக் விளக்கைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
"முதன்முறையாக வந்திருப்பவர்கள் யாரேனும்…"
சட்டென்று குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினேன்.
அது கட்டியேதான் இருந்தது.

சாமி கும்பிட வரவில்லை நான்.
ஞாயிறுதோறும் மூன்று ஐம்பதுக்கு
ஹவ்காங்கில் ஏறி இங்கே இறங்கும் ஓர் அம்மா.
நீலக் குடை. துணியுறை போட்ட வேதப்புத்தகம்.
பின்கதவால் இறங்க வேண்டும் என்பது விதி.
அவர் மட்டும் கம்பி கம்பியாகப் பிடித்து முன்னால் வந்து
"வரேன் தம்பி" சொல்லித்தான் இறங்குவார்.
மூன்று மாதமாகக் காணோம்.
பெயர் தெரியாது.
ஏறுகிறவர்களின் பெயர் கேட்கும் வேலையில்லை என்னுடையது.

நரைத்த தலை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
இல்லை.
யாரிடமாவது கேட்கலாம்தான்.
என்னவென்று கேட்பது?

போதகர் ஒரு தாளை எடுத்தார்.
நோயில் இருப்பவர்கள் என்றார்.
சாராள் வேதமணி.
"கர்த்தாவே, கேட்டருளும்" என்றது கூட்டம்.
புளோரா கனகம்.
கேட்டருளும்.
டயாலிசிஸில் இருக்கும் ரூபி தேவகிருபை.
கேட்டருளும்.
கண் அறுவைக்குப் பிறகு வீட்டோடு இருக்கும் நேசம் செல்லத்துரை.

இதில் யாராகவும் இருக்கலாம் அவர்.
யாருமாக இல்லாமலும் இருக்கலாம்.
முதல் பெயருக்கு நான் வாய் திறக்கவில்லை.
இரண்டாவதற்கு உதடு அசைந்தது.
நான்காவதற்குச் சத்தமாகவே வந்துவிட்டது,
எல்லோரும் முடித்து அரை நொடி கழித்து.
ஒரு சிறுமி திரும்பிப் பார்த்தாள்.
முதல் பெயரைத் தவறவிட்டது உறுத்த,
அதற்கு மட்டும் தனியாக
மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

பக்கத்துக்காரர் கை நீட்டி "சமாதானம்" என்றார்.
எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லையே!
அதற்குள் முன்வரிசையும் திரும்பி ஆறு கைகள்,
ஒரு கையில் மட்டும் தைல வாசனை.
துணிப்பை ஒன்று கைமாறி வந்தது.
ஐந்து வெள்ளி போட்டேன்.
மீதிச் சில்லறை கிடையாது, என் வண்டியைப் போலவே.

அப்பம் வாங்க எழுந்து போனார்கள்.
"உள்ள போங்க, உள்ள போங்க" என்று
எட்டு வருடம் சொன்ன நான்
முழங்காலை மடக்கி எல்லோருக்கும் வழிவிட்டேன்.
ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே காகிதத் தட்டில் மீ கோரெங்,
கொதிக்கக் கொதிக்கத் தேநீர்.
பாத்தேக் சட்டைக்காரர் ஒரு நோட்டை நீட்டினார்.
பெயர்: கதிரேசன்.
தொலைபேசி: தயங்கி, எழுதினேன்.
அழைத்து வந்தவர்:

பேனா நின்றது.
பின்னால் இருவர் காத்திருந்தார்கள்.
"நீலக் குடை" என்று எழுதிவிட்டு
தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.
மறுபடி வாசித்தார்.
பிறகு தேநீர் ஊற்றுகிறவர்கள் பக்கம் திரும்பி
அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார்:
"சாராள் அக்காவோட குடை என்ன கலர்?"